நன்னூற் பாயிரத்தில் மாணாக்கனும் பொழுதும்

முன்னுரை

தமிழில் முதுகலை பயிலும் மாணாக்கர் நன்னூலை எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் ஆகிய இரு பகுதிகளுக்காகவே பெரும்பாலும் கற்கின்றனர். அவற்றிற்கு முன் நிற்கும் பொதுப்பாயிரம் 55 நூற்பாக்களை உடையது. நூலது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லலின் வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்டலின் வரலாறு என்னும் ஐந்தனையும் அது வகுத்துரைக்கின்றது. தேர்வில் வினா எழக்கூடும் என்ற அளவில் இப்பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கற்பவனையே பொருளாகக் கொண்ட பகுதியைக் கற்பவனே கடந்து செல்வது வியப்புக்குரியது.

இன்றைய மாணாக்கரிடம் இரண்டு குறைகள் மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. பொழுது போதவில்லை என்பது ஒன்று. தேர்வும் ஆய்வேடும் நெருங்குங்கால் மனம் அழுத்தமுற்று, உணவும் உறக்கமும் கெடுகின்றன என்பது மற்றொன்று. இவை வேறு வேறு நோய்கள் போலத் தோன்றினும் பெரும்பாலும் ஒரு வேரினின்று கிளைப்பன. பலமுறை அணுகிப் பெறவேண்டிய நூலறிவை ஒரே முறையில், அதுவும் இறுதி நாளில், பெற்றுவிட முயல்வதே அவ்வேராகும். இக்கருத்தினை நன்னூற் பாயிரத்தின் துணைகொண்டு விளக்குவதும், அப்பாயிரத்தின் விதி ஒன்றனை இன்று அவ்வாறே மேற்கொள்ளலாகாது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

1. நூலும் நாடும்

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமண சமயத்தவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோட்கிணங்க இந்நூலைச் செய்தவர். சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178-1218) காலத்தவன். ஆதலின் நூலின் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கமோ ஆகும். சிறப்புப்பாயிரம் குறிக்கும் சனகை என்னும் ஊரை மைசூர்ப் பக்கத்ததென்று கொள்வாரும் உளர்; ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அஃது என்று கொள்வாரும் உளர். பின்னைய கொள்கை கொங்குநாட்டில் வலுவாக வேரூன்றியுள்ளது. சீனாபுரத்திற்கு அணித்தாகவுள்ள விசயமங்கலம் பழைய சமணக் கோயிலை உடையது; பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகப் போற்றப்படுவது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லாரின் நிரம்பையும் அதனை அடுத்த ஊரே என்று கொங்கு மரபு கூறும். சனகை எதுவாயினும், நூல் இயற்றுவாரும் உரை காண்பாரும் கற்பாரும் கூடியிருந்த கல்விச் சூழல் ஒன்று இப்பகுதியில் நிலவியது என்பதில் ஐயமில்லை.

மாணாக்கனைப் பற்றிய கருத்துகள் யாவும் பவணந்தியாரே புதியனவாகப் படைத்தவை என்று கருதுதல் வேண்டா. இவற்றையொத்த செய்திகள் பழைய உரையாசிரியர் வாக்குகளிலும் காணப்படுகின்றன. வழிவழி வந்த ஆசிரிய மரபின் பட்டறிவை அவர் சுருக்கித் தொகுத்தார் என்பதே பொருந்தும். பின்னர் மயிலைநாதரும், சங்கர நமச்சிவாயரும், அவர் உரையைத் திருத்தி விளக்கிய சிவஞான முனிவரும் இப்பகுதிக்கு உரை கண்டனர்.

அம்மரபு தோன்றிய நிலத்தில் இன்று பொழுது வேறு வகையாக அளக்கப்படுகின்றது. கோவை நகரின் முதல் நூற்பாலை 1888-இல் தோன்றியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கொலியே ஊரார்க்குக் கடிகாரமாயிற்று. உழவர் குடியினின்றும், விசைத்தறி, பின்னலாடைத் தொழிலாளர் குடியினின்றும் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் பலர். விடுமுறை நாளில் தறியோட்டிக் கட்டணம் செலுத்துவோரும் அவருள் உளர். கோவை அரசு கலைக் கல்லூரி 1852-இல் பள்ளியாகத் தோன்றி வளர்ந்தது. பேரூரில் 1953-இல் தமிழ்க் கல்லூரி எழுந்தது. 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஆண்டிற்கு இருமுறை வரும் பருவத் தேர்வு இன்று மாணாக்கனது பொழுதை ஆள்கின்றது. ஆசிரியன் இல்லத்தில் பல்லாண்டு தங்கிக் கற்றவர்க்கு வகுத்த நெறி இவர்க்கு எவ்வாறு பயன்படும் என்ற வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை காணப் பாயிரத்தினுள் நுழைதல் வேண்டும்.

2. கேட்டற்குரிய பொழுது

பாடங் கேட்கும் முறையைக் கூறத் தொடங்கும் பவணந்தியார், உரிய பொழுதில் ஆசிரியனிடம் செல்லுதலை முதற்கண் வைக்கின்றார். அவன் குறிப்பறிந்து நடத்தல், இருக்கச் சொன்னபின் இருத்தல், சொல்லச் சொன்னபின் சொல்லுதல், ஓவியப் பாவைபோல் அடங்கியிருந்து கேட்டல், கேட்டதனை நெஞ்சில் நிறுத்தல் ஆகியவற்றை அடுத்துக் கூறுகின்றார். போகச் சொன்னபின் போதல் இறுதியில் நிற்கின்றது.

இந்நிரலைப் பணிவு பற்றிய விதியாக மட்டும் கொள்வது பலரது வழக்கம். பொழுது பற்றிய விதியாகவும் இதனைக் கொள்ளலாம். பாடத்திற்குத் தொடக்கம் ஒன்று உண்டு. முடிவு ஒன்றும் உண்டு. இடைப்பட்ட பொழுதில் கேட்டலன்றி வேறு வினை இல்லை. முடிவுக்குப்பின் மாணாக்கன் அவ்விடத்தினின்று நீங்குகின்றான். கேட்டது மட்டும் அவனோடு செல்கின்றது. எல்லையுடைய பொழுதே கற்றற்குரிய பொழுது என்பது இதனாற் பெறப்படும்.

ஆசிரியனுக்கு வகுத்த விதியும் இதற்கு இணையானது. அவனும் காலமும் இடமும் ஆராய்ந்தே தொடங்குதல் வேண்டும். சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். விரைதலும் வெகுளுதலும் அவனுக்கு விலக்கப்பட்டுள்ளன. மாணாக்கன் எவ்வாறு கொள்வான் என்பதறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கொடுத்தல் அவனது கடமை. விரையாமை முன்னும் வெகுளாமை பின்னுமாக வைக்கப்பட்ட முறை கருதத்தக்கது. விரைபவனே பெரும்பாலும் வெகுள்கின்றான். பாடப்பகுதியைப் பருவத்திற்குள் முடித்தல் வேண்டும் என்னும் நெருக்கடியில் ஆசிரியன் விரைவானாயின், அவ்விரைவு மாணாக்கன் நெஞ்சில் அச்சமாக இறங்கும்.

3. ஆவும் ஆடும்

மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகையாக்கி உவமை கூறுகின்றது பாயிரம். முதல் மாணாக்கர்க்கு அன்னமும் ஆவும், இடைப்பட்டோர்க்கு மண்ணும் கிளியும், கடைப்பட்டோர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியனவும் உவமைகளாம். அறிவின் கூர்மை, மழுக்கம் ஆகியவற்றைக் குறிப்பனவாகவே இவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆயின் ஆவும் ஆடும் ஆகிய இரண்டும் அறிவளவைக் காட்டிலும் பொழுதைச் செலவிடும் முறையையே சுட்டுகின்றன.

உரையாளர் விளக்கத்தின்படி, ஆ புல் மிகுந்த இடம் கண்டால் அங்கேயே நின்று வயிறார மேயும். பின்னர் ஓரிடத்திற் படுத்து, உண்டதனை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும். ஆடோ, ஒரு செடியில் தழை மிகுதியாக இருப்பினும் அதனை விட்டு அடுத்ததற்கு ஓடும். எதனையும் நிறைய உண்ணாது. ஆவின் பொழுது இரு கூறுபட்டது: மேய்தற்பொழுது ஒன்று, அசைபோடும் பொழுது ஒன்று. அசைபோடும் பொழுதில் புதிய புல் உள்ளே செல்வதில்லை. புறத்தே காண்பார்க்கு அது வாளாகிடப்பது போலத் தோன்றும். உண்டது உடலிற் சேர்வதற்கு வழி செய்வது அப்பொழுதே.

காங்கயம், தாராபுரம் பகுதியின் கொறங்காட்டைக் கண்டோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முட்கிளுவை வேலி அமைப்பது அப்பகுதியார் வழக்கம். வேலி இருப்பதால் மேய்ப்பான் ஒவ்வொரு பொழுதும் உடனிருக்க வேண்டுவதில்லை. ஒரு காட்டில் மேய்ந்தபின் கால்நடைகளை அடுத்ததற்கு மாற்றி, மேய்ந்த காட்டைத் தழைக்க விடுவர். மாணாக்கனுக்கும் இத்தகைய வேலி ஒன்று வேண்டும். ஒரு நூலை எடுத்து வைத்து, ஐந்து பக்கம் கண்டு, வேறொன்றைத் திறந்து, அதனிடையே கைப்பேசியை நோக்கிப் பொழுது போக்குபவன் சோம்பேறி அல்லன். நாள் முழுதும் ஓடியவனே. எனினும் மாலையில் அவன் வயிறு நிறைந்திருப்பதில்லை. உழைத்தும் பயன் காணாத அந்நிலையே அவன் மனவழுத்தத்தின் முதற்படி.

4. கால்பங்குக் கணக்கு

பாடங் கேட்டலின் வரலாற்றுள் மிகவும் நுட்பமானது மாணாக்கன் பெறும் அறிவைப் பங்கிட்டுக் காட்டும் பகுதி. நூலை ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்பானாயின் பெரும்பாலும் பிழை நீங்குவான். மூன்றாம் முறையும் கேட்பானாயின் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவனாவான் என்பது முதற்படி. ஆசிரியன் சொன்னதனை நன்கு கேட்டு அமைத்துக்கொண்டாலும் அதனால் கைவருவது நான்கில் ஒரு பங்கே என்பது அடுத்த படி. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு பங்கு. தான் கற்றதனைப் பிறர்க்குச் செவ்வையாக விரித்துரைத்தலால் எஞ்சிய இரு பங்கும் நிரம்பும் என்பது இறுதிப் படி.

வடமொழியிலும் இதனையொத்த தனிச்செய்யுள் ஒன்று வழங்குகின்றது. ஆசிரியனிடமிருந்து ஒரு கால், தன் நுண்ணறிவால் ஒரு கால், உடன் மாணாக்கரால் ஒரு கால், காலம் செல்லச்செல்ல ஒரு கால் என்று அது பகுக்கும். இரண்டும் முதற்பங்கில் ஒன்றுபடுகின்றன. உடன் பயில்வார் பங்கிலும் ஒன்றுபடுகின்றன. எஞ்சிய பாதியிற்றான் வேறுபாடு. வடமொழிச் செய்யுள் ஒரு பங்கினைத் தனி அறிவுக்கும் மற்றொன்றனைக் காலத்தின் போக்கிற்கும் விடுகின்றது. நன்னூலோ அப்பாதி முழுவதையும் எடுத்துரைத்தல் என்னும் செயலின்மேல் ஏற்றுகின்றது. பிறப்பில் அமைந்த கூர்மை தன் வயத்ததன்று. காலம் தானே செல்வது. எடுத்துரைத்தல் ஒன்றே மாணாக்கன் முயன்று செய்யக்கூடியது. பயிற்சியை நோக்கிய நூல் ஆதலின், செய்யக்கூடியதனையே நன்னூல் விதியாக்கிற்று எனல் தகும்.

இக்கணக்கில் மாணாக்கன் மனத்திற்கு ஆறுதல் ஒன்றும் உண்டு. வகுப்பில் கேட்டது முழுதும் விளங்கவில்லையே என்று கவல்பவன் பலன். நன்கு கேட்டவனுக்கும் அங்குக் கிடைப்பது கால்பங்கே என்று நூலே கூறுகின்றது. குறையாகத் தோன்றுவது உண்மையில் முதற்படியின் இயல்பு. இதனை அறியாதவன் தன் அறிவையே ஐயுறுகின்றான். அறிந்தவன் அடுத்த படிக்குப் பொழுது ஒதுக்குகின்றான்.

நூல் பயிலும் இயல்பாக ஏழு செயல்களையும் பாயிரம் எண்ணுகின்றது. உலக வழக்கும் நூல் வழக்கும் அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதனை மீள நினைத்தல், ஐயம் தீர ஆசிரியனை அணுகிக் கேட்டல், தகுதியுடையாரோடு பயிலுதல், வினாவுதல், வினவியவற்றிற்கு விடை கூறுதல் என்பன அவை. தனியே இருந்து மீண்டும் மீண்டும் படித்தல் இவ்வேழனுள் தனித்து எண்ணப்படவில்லை என்பது கருதத்தக்கது. இன்றைய மாணாக்கனது பொழுதில் பெரும்பகுதியை உண்பது அதுவே.

5. உளவியல் தரும் சான்று

இப்பட்டறிவை அளந்து காணும் முயற்சி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளின் கோவைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் அளவைக் கணக்கிட்டு, 1885-இல் நூலாக வெளியிட்டார். மீண்டும் கற்குங்கால் மிச்சமாகும் முயற்சியை அவர் அளவுகோலாகக் கொண்டார். அம்மிச்சம் 20 நிமிடத்தில் 58 விழுக்காடாகவும், ஒரு நாளில் 34 விழுக்காடாகவும், 31 நாளில் 21 விழுக்காடாகவும் குறைந்தது. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்கின்றது. பின்னர் மெல்ல நடக்கின்றது. கேட்ட அன்றே மீள நினைத்தல் ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அவர் கண்ட மற்றொரு முடிவு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பன்னிரண்டு அசைக் கோவை ஒன்றை ஒரே நாளில் 68 முறை ஓதியதனால் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகுத்து 38 முறை ஓதியதனாலும் பெற்றார். முயற்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, பயன் குறையவில்லை. பொழுது போதவில்லை என்பார் இவ்விரு எண்களையும் ஒப்பிட்டு நோக்குவாராக.

கொங்கு உழவர் இவ்வுண்மையைத் தம் துறையில் நன்கறிவர். கீழ்பவானித் திட்டத்தின் பாசனப் பரப்பு ஏறத்தாழ 2,07,000 ஏக்கர். அணையின் நீர் அவ்வளவிற்கும் ஒருங்கே போதாமையின், பரப்பினை இரு பகுதியாக்கிப் பருவந்தோறும் முறைவைத்து விடுகின்றனர். ஒரு வயலுக்குள்ளும் நீரை நாள் இடைவிட்டுப் பாய்ச்சினால் வேர் பிடிக்கும். பல நாள் நீரை ஒரே நாளில் விட்டால் மண் அரித்துப் போம். தேர்வுக்கு முன்னிரவில் கற்பவன் ஒரே நாளில் நீர் விடுபவன்.

எடுத்துரைத்தலின் பயனுக்கும் சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணாக்கர் உரைநடைப் பகுதிகளைப் படித்தனர். சிலவற்றை மறுமுறையும் படித்தனர். சிலவற்றை நூல் நோக்காது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுமுறை படித்ததே மேம்பட்டது. 81 விழுக்காட்டிற்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது; மறுமுறை படித்தது 42 விழுக்காடாகவும், நினைந்து எழுதியது 56 விழுக்காடாகவும் நின்றன. மறுபடி படித்தல் உடனே தெளிவு தருவது போலத் தோன்றுதலால் மாணாக்கன் அதனை நம்புகின்றான். அந்நம்பிக்கை ஒரு வாரத்தில் பொய்யாகின்றது. எடுத்துரைத்தலுக்கு இரு பங்கு கொடுத்த நன்னூலார் சோதனைச்சாலை கண்டவர் அல்லர், கற்பித்துக் கண்டவர். எனினும் இருவர் கருத்தும் ஒரே திசையில் நிற்கின்றன.

6. ஆய்வேடும் நாட்கணக்கும்

முதுகலை மாணாக்கர்க்கும் ஆய்வாளர்க்கும் பாடத்தினும் மிகுந்த அழுத்தம் தருவது ஆய்வேடு. இங்குக் குறை மறதியில் இல்லை, கணிப்பில் உள்ளது. கனடா நாட்டு உளவியல் மாணாக்கரிடம் தம் ஆய்வேட்டை எத்துணை நாளில் முடிப்பர் என்று பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் வினவி, 1994-இல் முடிவினை வெளியிட்டனர். மாணாக்கர் கணித்தது சராசரி 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாம் தடைப்பட்டால் எத்துணை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் கூறியது 48.6 நாள். அஃதாவது, தாமே எண்ணிப் பார்த்த மிகத் தீய நிலையினும் உண்மை நீண்டது.

இக்கணிப்புப் பிழைக்குக் காரணம் சோம்பல் அன்று. மாணாக்கன் தன் ஆய்வேட்டின் செயல்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றான். முன்னர்த் தான் செய்த பணிகள் எத்துணை நாள் எடுத்தன என்பதனை எண்ணுவதில்லை. நூலகத்தில் நூல் கிடையாமை, ஏட்டின் பாடவேறுபாடு, நெறியாளர் ஊரில் இல்லாமை, வீட்டில் திருமணம், காட்டில் அறுவடை என்பன அவன் கணக்கில் வருவதில்லை. பழைய ஆய்வுக்கட்டுரை ஒன்றனுக்கு ஆன நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டு, புதியதனை அதனோடு ஒப்பிட்டுக் கணித்தல் இதற்கு மாற்று. அத்துறையில் முன்னர் ஆய்வேடு முடித்தாரை வினவுதலும் நன்று. தகுதியுடையாரோடு பயிலுதல் என்னும் நன்னூல் விதி இவ்விடத்தும் பொருந்தும்.

7. அஞ்சிய மாணாக்கன்

இதுகாறும் பாயிரத்தின் நெறியைப் போற்றினோம். இனி, உடன்பட இயலாத இடம் ஒன்றனைக் காண்போம். நூல் சொல்லத் தகாதார் என 15 வகையினரைப் பாயிரம் விலக்குகின்றது. கள்ளுண்பவன், செருக்குடையவன், கள்வன், சினமுடையவன் முதலாயினார் ஒழுக்கம் பற்றி விலக்கப்பட்டோர். அவர்களோடு ஒரே நிரலில் நோயாளியும், அறிவு மந்தமானவனும், பழைய நூல்களின் பெருமை கண்டு அஞ்சி உளந் தடுமாறுபவனும் வைக்கப்பட்டுள்ளனர்.

அக்காலச் சூழலில் இவ்விதிக்குக் காரணம் இருந்தது. நூல் ஏட்டிலும் நெஞ்சிலுமே வாழ்ந்தது. தகாதவன் கையில் சென்றால் பாடம் திரியும், திரிந்தது திரும்பாது. ஆசிரியன் தன் இல்லத்தில் ஏற்கும் சிலரைத் தெரிந்தெடுத்தான். இன்றோ நூல் அச்சேறி நிலைபெற்றுவிட்டது. கல்லூரி பொதுச் செலவில் நடப்பது. குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவனுக்கும் அதில் இடம் உண்டு. தொல்காப்பியத்தை முதன்முறை விரித்து அதன் சுருக்கத்தைக் கண்டு மருளாதவன் யாவன்? அம்மருட்சியைக் குற்றமாக்கி அவனை விலக்குதல் இன்று அறமும் அன்று, முறையும் அன்று.

அச்சம் முற்றிலும் பயனற்றது என்றும் கூறுவதற்கில்லை. யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908-இல் சுண்டெலிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், எளிய வேறுபாட்டைக் கற்பதற்குத் தூண்டல் மிகுதியாயினும் கேடில்லை என்றும், அரிய வேறுபாட்டைக் கற்பதற்கு அளவான தூண்டலே ஏற்றது என்றும் கண்டனர். எலியிற் கண்டதனை மாந்தர்மேல் அவ்வாறே ஏற்றலாகாது. எனினும், எளிய பாடத்தை ஒப்பிக்க உதவும் அச்சம், வேற்றுமைத் தொகையையும் அன்மொழித் தொகையையும் பிரித்துணர உதவாது என்பதனைக் கற்பித்தோர் யாவரும் அறிவர். மாறா நெருக்கடி உடலையும் தாக்கும் என்பதனை 1936-இல் ஹான்ஸ் செலியே தம் ஆய்வுக் குறிப்பில் எடுத்துக்காட்டியபின், மனவழுத்தம் உடல் மருத்துவத்திற்கும் உரிய பொருளாயிற்று.

அஞ்சியவனை விலக்காது கொள்ளுதற்கு வழியையும் அப்பாயிரமே தருகின்றது. ஆசிரியன் விரையாமை, வெகுளாமை, முகமலர்தல், கொள்வோன் கொள்ளும் வகை அறிதல் என்னும் நான்கும் அச்சம் தீர்க்கும் மருந்துகளே. மாணாக்கனை விலக்கும் விதியை விடுத்து, ஆசிரியனைக் கட்டும் விதியை இறுகப் பற்றுதல் இன்றைய தமிழ்த்துறைகளின் கடமையாகும். உறக்கமின்மையும் உயிர்மேல் வெறுப்பும் தோன்றுமளவிற்குத் துயரம் முற்றியவழி, அஃது ஆசிரியன் அறிவுரையால் மட்டும் தீர்வதன்று. மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022-இல் ஒன்றிய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் அழைத்து, தமிழிலேயே உதவி பெறலாம். இச்செய்தியைத் துறையின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் பெருஞ் செயலன்று. ஆயினும் ஓருயிரைக் காத்தற்கு அதுவே உதவவும் கூடும்.

8. எட்டு நாழிகை

பொள்ளாச்சியிலிருந்தோ அவிநாசியிலிருந்தோ கோவைக்குப் பேருந்தில் வந்து செல்லும் மாணாக்கன் ஒருவனது நாளைப் பழைய அளவையால் பகுத்துக் காண்போம். நாளொன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்று 24 நிமிடம். உறக்கத்திற்கு 20 நாழிகை, அஃதாவது 8 மணி. கல்லூரிக்கும் வழிப்போக்கிற்கும் 24 நாழிகை. உணவு, நீராடல், வீட்டுப் பணி ஆகியவற்றிற்கு 8 நாழிகை. எஞ்சுவது 8 நாழிகை. ஏறத்தாழ மூன்றேகால் மணி.

வகுப்பிலேயே முதற் கால்பங்கு கிடைத்துவிட்டது. எஞ்சிய எட்டனுள் இரண்டு நாழிகையை அன்று கேட்டதனையும், முன்வாரம் கேட்டதனையும் மீள நினைத்தற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாழிகை உடன் பயில்வாரோடு வினவியும் விடுத்தும் கழியலாம். பேருந்தில் இருவர் அருகருகே இருப்பாராயின் அதுவும் மிச்சம். நான்கு நாழிகையை எடுத்துரைத்தலுக்கும் எழுதுதலுக்கும் ஒதுக்கலாம். கேட்பார் ஒருவரும் இல்லையாயின், நூலை மூடிவைத்து ஒரு நூற்பாவின் பொருளை எடுத்துக்காட்டோடு எழுதுதல் அதற்கு ஈடாகும். மாலையில் தறியோட்டுபவனுக்கு எட்டு நாழிகை கிடையாது, நான்கே கிடைக்கலாம். அவன் அந்நான்கினையும் இதே விழுக்காட்டிற் பகுக்க. உறக்கத்தின் இருபதில் கைவைத்தல் வேண்டா. அசைபோடும் பொழுதின் பெரும்பகுதி உறக்கத்திலேயே அமைகின்றது. கற்றது நினைவில் உறுதிப்படுதற்கு உறக்கம் வேண்டும் என்பது இன்றைய அறிவியலின் துணிபு.

இப்பகுப்பு மாறாத வாய்பாடு அன்று. பாடத்திற்கும் ஆளுக்கும் ஏற்ப மாறுவது. ஆயினும் முதல்நாளிலேயே பருவம் முழுவதற்கும் முறைவைத்துக்கொண்டவனுக்குத் தேர்வுக்கு முன்னிரவு மற்றோர் இரவாகவே இருக்கும்.

முடிவுரை

நன்னூற் பாயிரம் மாணாக்கனை மிகுந்த பொழுது படிக்குமாறு கூறவில்லை. உரிய பொழுதில் தொடங்குமாறும், மீண்டும் வருமாறும், பிறரோடு பயிலுமாறும், எடுத்துரைக்குமாறும் கூறுகின்றது. ஒரு முறையில் கால்பங்கே கிட்டும் என்பதனை மாணாக்கனும் உணர்ந்து, ஆசிரியனும் உணர்ந்து, பாடத்திட்டம் வகுப்போரும் உணர்வாராயின், பொழுதின் குறையும் மனத்தின் அழுத்தமும் ஒருங்கே தணியும். பருவந்தோறும் பாடப்பகுதியை மிகுதிப்படுத்திக்கொண்டே சென்று, இரண்டாம் முறை கேட்டற்கு இடமில்லாமற் செய்துவிட்டு, மாணாக்கனது மறதியைக் குறைகூறுதல் முறையாகாது. தமிழ்த்துறை ஒவ்வொன்றும் தன் வாரநேரப் பட்டியலில், கேட்டதனை மாணாக்கரே எடுத்துரைக்கும் வகுப்பு ஒன்றேனும் அமைக்குமாயின், பொதுப்பாயிரத்தைப் பாடமாக வைத்ததன் பயன் நிறைவேறும்.